ஞானப்பல் எடுத்ததுக்கு அப்புறம் நாக்குல பாதி ருசி போச்சு, ரெண்டு வருஷமா நான் பாத்தது

ராயபுரத்துல வீட்டுலயே சமைச்சு மதிய சாப்பாடு கொடுக்கறேன். ஒரு நாளைக்கு 40 சாப்பாடு போகும், பேங்க்ல வேலை செய்யறவங்க, துறைமுகத்து பக்கம் லாரி ஆபீஸ்ல இருக்கறவங்க, சமைக்க முடியாத ரெண்டு மூணு வயசானவங்க வீடு. இத ஏன் முதல்லயே சொல்றேன்னா எனக்கு நாக்குதான் பொழப்பு. அந்த நாக்குல இடது பக்கம் பாதி 2023 ஏப்ரல் கடைசில செத்துப்போச்சு, அதுல கொஞ்சம் திரும்பி வந்துச்சு, கொஞ்சம் இன்னும் வரல. அப்ப தமிழ்ல தேடித்தேடி பாத்தேன், யாரும் இத பத்தி எழுதல, "பல் எடுத்தா கொஞ்ச நாள் மரப்பு இருக்கும்"னு ஒரு வரியோட முடிச்சுடறாங்க. அதான் நானே எழுதறேன்.

இடது பக்கம் கீழ, கடைசி ஞானப்பல். படுத்த வாக்குல வளந்து பக்கத்து பல்ல முட்டிக்கிட்டு இருந்துச்சு, வருஷத்துக்கு மூணு வாட்டி ஈறு வீங்கி வாய தொறக்க முடியாம போயிடும். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், காசிமேட்டுல பெரிய படகு கடலுக்கு போகாது, நமக்கும் மீன் சாப்பாடு ஆர்டர் கொறையும், அந்த நேரத்துல முடிச்சுடலாம்னு நானே நாள் குறிச்சேன். பக்கத்துல ஒரு கிளினிக். ஊசி போட்டு, ஈற கிழிச்சு, பல்ல ரெண்டா வெட்டி எடுத்தாங்க, ஒரு மணி நேரம் ஆச்சு, மூணு தையல். வலி அவ்வளவா இல்ல. ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க, நான் படிக்கல, படிச்சு காட்டவும் இல்ல.

சாயந்தரம் உதட்டு மரப்பு போயிடுச்சு, நாக்கு மரப்பு போகல. மறுநாள் காலைல எழுந்தப்பவும் இடது பக்கம் நாக்கு ஏதோ ரப்பர் துண்டு வாய்ல கிடக்கற மாதிரி இருந்துச்சு. போன் பண்ணேன், "சரியாகிடும்மா, ஊசி கொஞ்சம் ஜாஸ்தி"ன்னாங்க. இப்ப எனக்கு தெரியும், அந்த ஊசியோட மரப்பு சில மணி நேரம்தான், மறுநாள் வரைக்கும் நாக்கு மரத்தே இருந்தா அது சாதாரணம் இல்ல, அன்னிக்கே நேர்ல போய் காட்டி அவங்க நோட்டுல எழுத வெச்சிருக்கணும். நான் தையல் பிரிக்கற நாள் வரைக்கும் சும்மா இருந்துட்டேன்.

ஏன் சும்மா இருந்தேன்னா, ருசி கெட்டுப்போனதுக்கு வேற காரணம் ரெண்டு கையிலயே இருந்துச்சு. கிருமிக்கு மெட்ரோனிடசோல் மாத்திரை கொடுத்திருந்தாங்க, அது சாப்ட்டா வாயெல்லாம் இரும்பு நக்கின மாதிரி இருக்கும், நிறைய பேருக்கு தெரிஞ்சதுதான். அப்புறம் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ், அதுவும் ருசிய மாத்தும், உப்பு சரியா தெரியாது, பல்லும் பழுப்பா கறை பிடிக்கும். ரெண்டும் நிறுத்தினா போயிடற விஷயம். அஞ்சு நாள்ல மாத்திரை முடிஞ்சுது, ரெண்டு வாரத்துல மவுத்வாஷ நிறுத்தினேன். வலது பக்கம் நாக்கு நாலஞ்சு நாள்ல பழைய மாதிரி ஆயிடுச்சு. இடது பக்கம் அப்படியே. இத நல்லா கவனிங்க, மருந்தால வந்த ருசி மாற்றம்னா நாக்கு முழுக்க ரெண்டு பக்கமும் இருக்கும், மருந்து நின்னா போயிடும். பல் எடுத்த பக்கம் மட்டும் கோடு போட்ட மாதிரி நடுநாக்கு வரைக்கும் மரப்பும் ருசி இல்லாமையும் சேர்ந்து இருந்தா அது நரம்பு.

அந்த மூணாவது வாரம்தான் ஒரு நாள் முட்டை கொழம்பு எடுத்து வெச்சேன், மாமியார் ஒரு வாய் வெச்சுட்டு தட்ட தள்ளிட்டாங்க. "இன்னாம்மா இது, ரெண்டு வாட்டி உப்பு கொட்டினியா?" எனக்கு அது சப்புன்னு இருந்துச்சு. மூணு வாட்டி ருசி பாத்து பாத்து நானே மேல மேல போட்டிருக்கேன். அன்னிக்கு 40 டப்பாவுல 12 டப்பா ஏற்கனவே போயிருந்துச்சு. அதுல ஒன்னு பிரஷர் இருக்கற ஒரு பெரியவரோடது. ஓடிப்போய் வாங்கிட்டு வந்தேன், ஆனா அந்த நடுக்கம் எனக்கு ரொம்ப நாள் போகல.

இந்த நேரத்துல ஆளாளுக்கு ஒன்னு சொன்னாங்க. உனக்கு கொரோனா வந்துருக்கும்னாங்க, மனசுதான் காரணம்னாங்க, நாக்க வழிச்சு வேப்பிலை தேச்சா வந்துடும்னாங்க. வாசனை எனக்கு ஒரு குறையும் இல்ல, கருவாடு வறுத்தா மூணாவது வீட்லேர்ந்தே தெரியும். ருசியும் வாசனையும் வேற வேறன்னு கண்டுபிடிக்க எளிசா ஒரு வழி இருக்கு. மூக்க இறுக்கி பிடிச்சுக்கிட்டு ஒரு கொய்யாப்பழ துண்ட வாய்ல போடுங்க, இனிப்பு புளிப்பு மட்டும் தெரியும், கொய்யான்னே தெரியாது, மூக்க விட்டதும் கொய்யா வந்துடும். நாக்கு கொடுக்கறது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் காளான் சூப், கருவாடு இதுல வர்ற அந்த தூக்கலான ருசி, அவ்வளவுதான். மத்தது எல்லாம் மூக்கு.

கிளினிக்ல மறுபடி போனேன், அஞ்சு நிமிஷத்துல "ஆறு மாசம் பாருங்க"ன்னு அனுப்பிட்டாங்க. டாக்டர் தப்பா எடுத்தாருன்னு நான் சொல்ல வரல. ஆனா சோதிச்சு பாக்காம, எதுவும் எழுதாம, காத்திருன்னு மட்டும் சொன்னது தப்பு. இத இன்னிக்கும் சொல்வேன்.

கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிர்ல அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்குல்ல, அங்க போனேன். ராயபுரத்துல ஏறி பீச் இறங்கி அடுத்த ஸ்டேஷன் கோட்டை. காலைல சீக்கிரம் போயிடணும், கூட்டம். கைல எக்ஸ்ரேவும் என்னென்ன மருந்து சாப்ட்டேன்ற சீட்டும் இருந்தது ரொம்ப உதவுச்சு, அதனால எங்க பல் எடுத்தாலும் எக்ஸ்ரே காப்பியும் என்ன பண்ணாங்கன்ற குறிப்பும் கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க, அது நம்மளோடது.

அங்க ஒரு டாக்டரம்மா, என் பொண்ணு வயசுக்கு கொஞ்சம் மேல இருக்கும், கண்ண மூட சொல்லிட்டு பஞ்ச திரிச்சு நாக்குல தொட்டாங்க, ஊசி முனையால லேசா குத்தினாங்க, எந்த பக்கம் தொடறேன் சொல்லுங்க, ஒரு முனையா ரெண்டு முனையான்னு கேட்டாங்க. இடது பக்கம் முன்னாடி மூணுல ரெண்டு பங்குல எனக்கு ஒன்னுமே தெரியல. அப்புறம் ஒரு பேப்பர்ல படம் போட்டு காட்டினாங்க. கீழ் ஞானப்பல்லுக்கு உள்பக்கம், ஈறுத்தோலுக்கு கொஞ்சம் கீழ நாக்கு நரம்பு போகுது. தொடறது, சூடு, காரம் இதெல்லாம் அதுல போகும். முக நரம்புலேர்ந்து பிரியற ருசி நரம்பு ஒன்னு நடுக்காது வழியா வந்து அதே நரம்போட சேர்ந்துக்குது, நாக்கோட முன்பக்கம் மூணுல ரெண்டு பங்குக்கு ருசி அதுலதான் வருது. அதனாலதான் அந்த எடத்துல நரம்பு நசுங்கினாலோ இழுபட்டாலோ மரப்பும் ருசியும் சேர்ந்தே போகுது. காது ஆபரேஷன் பண்ணவங்களுக்கும் சில பேருக்கு ருசி போறது இதே நரம்பாலதான். பின்பக்கம் ஒரு பங்குக்கு வேற நரம்பு, அதனால எனக்கு கசாயம் தொண்டை கிட்ட போனா கசக்குது, நுனில வெச்சா கசக்கல.

இன்னொன்னும் சொன்னாங்க. கீழ்த்தாடை எலும்புக்குள்ள போற நரம்போட பாதை எக்ஸ்ரேல தெரியும், அந்த நரம்பு அடிபட்டா உதடு, முகவாய் மரக்கும், ருசி போகாது. நாக்கு நரம்பு எலும்புக்கு வெளியில சதைக்குள்ள ஓடுது, சாதாரண எக்ஸ்ரேல தெரியாது. ஆளுக்கு ஆள் மேலயும் கீழயும் இருக்கும். ஜாக்கிரதையா பண்றவங்க கைலயும் இது நடக்கலாம், மரப்பு ஊசி முனை பட்டே கூட நடக்கலாம். அத கேட்டப்பதான் எனக்கு அந்த கிளினிக் மேல இருந்த கோபம் பாதி அடங்குச்சு. மீதி பாதி, இப்படி ஆகலாம்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேன்னு.

சின்ன வயசு புஸ்தகத்துல நாக்கு நுனில இனிப்பு, ஓரத்துல புளிப்பு, பின்னாடி கசப்புன்னு படம் இருக்கும், நான் அத நம்பி "எனக்கு இனிப்பு ஏரியாதான் போச்சு"ன்னு சொன்னேன். அந்த படம் தப்பாம், நாக்குல எல்லா எடத்துலயும் எல்லா ருசியும் தெரியும்னாங்க.

நாள் கணக்குதான் முக்கியம்னு அவங்க சொன்னத நான் அப்படியே சொல்றேன். நிறைய பேருக்கு சில வாரம், சில மாசத்துல தானா திரும்பிடும். அடிபட்ட நரம்பு மறுபடி வளந்தா ஒரு நாளைக்கு சுமாரா 1 மில்லிமீட்டர், பல் எடுத்த எடத்துலேர்ந்து நாக்கு நுனி ஒரு விரல் நீளம், கணக்கு போட்டா ரெண்டு மூணு மாசம் ஆகுது. மூணு மாசம் ஆகியும் துளி மாற்றம் கூட இல்லன்னா நரம்ப பாத்து சேக்கற ஆபரேஷன் பண்ற முக அறுவை டாக்டர்கிட்ட போயிடணும், வருஷக்கணக்கா காத்திருந்தா அதோட பலன் கொறையும். இதுக்குதான் "ஆறு மாசம் பாரு"ன்னு சும்மா அனுப்பறது ஆபத்து.

திரும்பி வரும்போது பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா கடைல அத்தோ, அதான் அந்த நூடுல்ஸ், சாப்ட்டேன், பசி. 1960கள்ல பர்மாலேர்ந்து திரும்பி வந்த குடும்பங்க கொண்டாந்த சாப்பாடு, எங்க பக்கத்துல அதுல வளராத புள்ளைங்க கிடையாது. வலது பக்கம் மென்னா புளித்தண்ணி, மொளகாத்தூள், பொரிச்ச வெங்காயம் எல்லாம் இருக்கு. இடது பக்கம் தள்ளினா ஈர நூல மெல்லற மாதிரி. ஒரே வாய்க்குள்ள ரெண்டு வாய். கடைல நின்னுக்கிட்டே அழுதுட்டேன், கடைக்காரர் காரம் ஜாஸ்தியாயிடுச்சுன்னு நெனச்சு ஒரு முட்டை வெச்சாரு.

வீட்டுல நாங்களே பண்ண சோதனைய சொல்றேன், காசு செலவு இல்ல. நாலு டம்ளர் தண்ணி. ஒன்னுல சக்கரை, ஒன்னுல உப்பு, ஒன்னுல எலுமிச்சம்பழம், ஒன்னுல பால் சக்கரை இல்லாத கெட்டி டிக்காஷன். காது குடையற பட்ஸ். வேற ஒருத்தர்தான் தொட்டு வைக்கணும், எதுன்னு சொல்லக்கூடாது. நாக்க நீட்டியே வெச்சிருக்கணும், பேப்பர்ல எழுதின இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்புல ஒன்ன விரலால காட்டிட்டுதான் உள்ள இழுக்கணும், ஏன்னா இழுத்ததும் எச்சி பரவி நல்ல பக்கம் பதில் சொல்லிடும். நடுவுல வாய் கொப்பளிச்சுக்கணும். பொண்ணு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வெப்பா, தேதி போட்டு நோட்டுல எழுதுவா, நாக்கு படம் வரைஞ்சு மரத்துப்போன எடத்துக்கு பென்சில் தீட்டுவா. அடுத்த தடவை போனப்ப டாக்டரம்மா அந்த நோட்ட தான் முதல்ல வாங்கி பாத்தாங்க. "அப்படியேதான் இருக்கு"ன்னு வாய்ல சொல்றதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு.

ஏழாவது வாரம், தடைக்காலம் முடிஞ்சு படகு திரும்பின அந்த வாரம்தான், நாக்கு ஓரத்துல எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு. அப்புறம் பல் விளக்கும்போது சுளீர்னு கரண்ட் அடிச்ச மாதிரி. பயந்து ஓடினா, டாக்டரம்மா சிரிச்சாங்க, நரம்பு முழிக்குது, நல்லதுன்னாங்க. அதனால ஆபரேஷன் பேச்சு எனக்கு தேவைப்படல. முழிச்ச நரம்பு சும்மா முழிக்கல, மூணு நாலு மாசம் எரிச்சல், வெந்நீர் பட்ட மாதிரி. அதுக்கு நரம்பு எரிச்சலுக்குன்னு தனியா ஒரு மாத்திரை கொடுத்தாங்க, சாதாரண வலி மாத்திரை அதுக்கு கேக்காது. ராத்திரிதான் போடணும், தூக்கம் தள்ளும். மெத்தில்கோபாலமின்னு வைட்டமின் பி12 மாத்திரையும் போட்டேன், அதாலதான் சரியாச்சுன்னு என்னால அடிச்சு சொல்ல முடியல, நாள் ஆனதுலயே கூட ஆகியிருக்கலாம். துத்தநாக மாத்திரை வாங்கி போடுன்னு ஒருத்தர் சொன்னாங்க, உடம்புல அது கொறைஞ்சிருந்தா தவிர பிரயோஜனம் இல்லன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க.

மரத்த நாக்கோட இருக்கும்போது யாரும் சொல்லாத ஒரு தொல்லை, கடிச்சுக்கறது. தெரியவே தெரியாது. ஒரு நாள் கண்ணாடில பாத்தா இடது ஓரத்துல பல் பதிஞ்சு வெள்ளையா புண்ணு, ரத்தம் உறைஞ்சு கிடக்கு, எனக்கு ஒரு வலியும் இல்ல. அதுலேர்ந்து ராத்திரி பல் விளக்கினதும் டார்ச் அடிச்சு நாக்கு ஓரம் பாக்கறது பழக்கம் ஆயிடுச்சு, புண்ணு ரெண்டு வாரத்துக்கு மேல ஆறலன்னா கண்டிப்பா காட்டணும். சூடும் தெரியாது, ரசத்த வலது பக்கம் முதல்ல வெச்சு பாத்துதான் குடிப்பேன்.

இப்ப சமையலுக்கு வரேன். நாக்க நம்ப முடியலன்னதும் 600 ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் தராசு வாங்கினேன். அளவு எப்படி கண்டுபிடிச்சேன்னா, மாமியார உக்கார வெச்சு அவங்க நாக்குக்கு உப்பு போட சொன்னேன், போடறதுக்கு முன்னாடி உப்பு ஜாடிய எடை போட்டேன், அவங்க "போதும்"னு சொன்னதும் மறுபடி எடை போட்டேன், வித்தியாசம்தான் அளவு. சட்டியையும் எடை போட்டு காலிச்சட்டி எடைய கழிச்சேன். பத்து நாள் இப்படியே பண்ணதுல, சங்கரா கொழம்பு, வஞ்சிரம் கொழம்பு எதுவா இருந்தாலும் 1 கிலோ கொழம்புக்கு அவங்க கை 12 கிராம் கிட்டயே வந்து நின்னுச்சு, ஒரு கிராம் இப்படி அப்படி. நாப்பது வருஷ கை. சாம்பாருக்கு 10. எங்க வீட்டு கணக்கு இது, உங்க வீட்டுல வேற வரும், இதே மாதிரி கண்டுபிடிச்சுக்கோங்க. ஸ்பூன் கணக்கு வெச்சுக்காதீங்க, கல்லுப்பு ஒரு ஸ்பூனும் தூளுப்பு ஒரு ஸ்பூனும் எடை ஒன்னு கிடையாது, தூளு நெருக்கமா உக்காரும். நான் முட்டை கொழம்புல மாட்டினதுக்கு அதுவும் ஒரு காரணம், அந்த வாரம்தான் கல்லுப்பு தீர்ந்து தூளுப்பு எடுத்தேன்.

புளி மட்டும் தராசுக்கு அடங்கல. பழம்புளி ஒரு புளிப்பு, புதுசு ஒரு புளிப்பு, ஒரே கட்டில மேல ஒன்னு கீழ ஒன்னு. அதுக்கு கரைசல ஒரு சொட்டு வலது பக்க நாக்குல வெச்சு, எச்சில முழுங்காம அஞ்சு வரைக்கும் எண்ணி பாத்து பழகினேன். கெட்டுப்போனதுக்கு நாக்க நம்பறது இல்ல, மாவு, தயிர், தேங்கா எல்லாத்துக்கும் தேதி ஒட்டி மூக்கால பாத்துடறேன்.

கஸ்டமருங்ககிட்டயும் சொல்லிட்டேன், இப்படி ஆயிடுச்சு, கொஞ்ச நாளைக்கு உப்பு முன்ன பின்ன இருந்தா போன் பண்ணுங்கன்னு. பயந்தேன், விட்டுடுவாங்கன்னு. ரெண்டு பேர் விட்டாங்க. மத்தவங்க, "அக்கா இன்னிக்கு ரசம் கரெக்ட்டு"ன்னு மெசேஜ் போடுவாங்க, அதையும் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்.

இப்ப நெலமை. தொட்டா தெரியுது, சூடு தெரியுது, காரம் தெரியுது, உப்பு புளிப்பு வந்துடுச்சு. இடது பக்கம் இனிப்பு மட்டும் லேட்டா, கலங்கலா வருது, பட்ஸ் வெச்சு நாலஞ்சு எண்ணினதுக்கு அப்புறம்தான் "இருக்கு போல"ன்னு தோணும். காலைல எழுந்ததும் ஒரு இரும்பு ருசி, வாய்ல ஒன்னும் இல்லாமலேயே. ஒரு நரம்பு அடங்கிப்போனா மத்த நரம்பு தூக்கலா பேசும், சிலருக்கு இல்லாத ருசி இருக்கற மாதிரி வரும்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஒரு வருஷத்துக்கு மேல மிச்சம் இருக்கறது அப்படியே நின்னுடவும் வாய்ப்பு இருக்குன்னும் மறைக்காம சொன்னாங்க. அத கேட்டு நான் உடைஞ்சு போகல, எனக்கு அப்ப வேண்டியிருந்தது நேரா ஒரு பதில்தான்.

போன மாசம் கீழ் வீட்டு பொண்ணுக்கு, காலேஜ் படிக்குது, ஞானப்பல் எடுக்கணும்னு நாள் குறிச்சிருந்தாங்க. ஒரு பேப்பர்ல எழுதி கொடுத்தேன். இந்த பல்ல இப்ப எடுத்தே ஆகணுமா, விட்டா என்ன ஆகும். நாக்கு நரம்புக்கும் உதட்டு நரம்புக்கும் என் கேஸ்ல எவ்வளவு ஆபத்து. மறுநாளும் மரப்பு இருந்தா யார எந்த நம்பர்ல கூப்பிடணும். மூணு மாசம் ஆகியும் மாறலன்னா எங்க அனுப்புவீங்க. அவ்வளவுதான் எழுதினேன். அந்த பேப்பரோட போச்சு. டாக்டர் எக்ஸ்ரேவ மறுபடி எடுத்து பாத்துட்டு, வலி இல்ல, வீக்கம் வந்தது இல்ல, பக்கத்து பல்லும் சொத்தை இல்ல, இப்போதைக்கு கை வைக்க வேணாம், ஆறு மாசம் கழிச்சு வான்னு அனுப்பிட்டாராம்.